கனரக வாகன ஓட்டுநர் பயிற்சிக் கட்டணத்தை அரசு ஏற்குமா?

காலடிப்பேட்டை அக்கா:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 22 வயது. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் மூன்று ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறான். டிரெய்லர் ஓட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓராண்டும் இரண்டு மாதங்களும் ஆகின்றன. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான்.

வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் விசாரித்தபோது, முழுக் கட்டணத்தையும் இப்போதே கட்டிவிட்டால் பயிற்சி முடிந்ததும் அந்தப் பணத்தை அரசிடமிருந்து தாங்களே வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு, கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். மனம் ஒப்பாமல் திரும்பிவிட்டோம். அடுத்த தெருவிலிருக்கும் தம்பியின் நண்பன் தாட்கோ என்ற அரசுக் கழகத்தின் மூலம் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் கற்றுக்கொண்டான். நாங்கள் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். எங்களுக்கும் அது கிடைக்குமா? அப்பாவிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறது. அதை வைத்து ஏதேனும் செய்ய முடியுமா?

தண்டையார்பேட்டை ஓய்வூதியர்:

அம்மா, ரசீது கேட்டீர்களே, அதுவே உங்களைக் காப்பாற்றியது. நாமாக ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுத்து, பணத்தைக் கட்டிவிட்டு, பிறகு அரசிடம் திரும்பக் கேட்பது என்கிற முறையில் இந்தத் திட்டங்கள் நடப்பதில்லை. அரசு முதலில் ஒரு பயிற்சி நிறுவனத்தை அங்கீகரித்து, இத்தனை பேருக்கு இந்தப் பயிற்சி என்று ஒதுக்கீடு செய்து, கட்டணத்தை நேரடியாக அந்த நிறுவனத்துக்கே கொடுக்கிறது. ஆகவே விண்ணப்பமும் தேர்வும் முன்னால் நடக்க வேண்டும், வகுப்பு அதற்குப் பின்னால்தான். முன்னதாகவே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டவருக்கு அதைத் திருப்பித் தர எந்தக் கோப்பிலும் இடமிருக்காது.

தாட்கோ ஆதிதிராவிடர், பழங்குடியினருக்காக 1974இல் தொடங்கப்பட்ட கழகம். உங்கள் சாதிச் சான்றிதழுக்கு அது பொருந்தாது. அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகள் ஒரு வகுப்பினருக்கு மட்டும் உரியவை அல்ல. மத்திய அரசின் பி.எம். தக்ஷ் திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோரும் சேரலாம். இரண்டிலுமே ஓட்டுநர் பயிற்சி எல்லாக் காலத்திலும் திறந்திருக்காது என்பதால், இணையதளத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, ராஜாஜி சாலையிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தின் செய்திக் குறிப்புகளையும் கவனித்துவர வேண்டும்.

நல வாரிய அட்டையால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகை பள்ளி, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரிப் படிப்புகளுக்கானது. ஓட்டுநர் பள்ளிக் கட்டணம் அதில் சேராது.

இன்னொன்று. உங்கள் காலடிப்பேட்டை இருக்கும் திருவொற்றியூர் 2018இல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. பழைய சான்றிதழ்களில் இன்னும் திருவள்ளூர் என்றே இருந்தால், வருமானச் சான்றிதழையும் இருப்பிடச் சான்றிதழையும் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பெயர் ஒத்துவராமல் மேசையிலேயே தங்கிவிட்ட விண்ணப்பங்களை நான் பணியில் இருந்த காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

ஜீரோ கேட் டிரைவர்:

ஐயா சொன்னதெல்லாம் சரி. உரிமம் சம்பந்தப்பட்டதை நான் சொல்கிறேன். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பிறகே அதற்கான பழகுநர் உரிமம் தருவார்கள். தம்பிக்கு இரண்டுமே ஆகிவிட்டன. எட்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதியை மத்திய அரசு 2019இல் நீக்கிவிட்டதால் உரிமத்துக்குப் படிப்பு தடையில்லை. ஆனால் இலவசப் பயிற்சித் திட்டங்கள் தமக்கென்று ஒரு கல்வித் தகுதி வைப்பது உண்டு. அதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் அரசு சார்ந்த சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் (ஐ.ஆர்.டி.) ஓட்டுநர் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறினால் ஒரே வண்டியில் போய்விடலாம். கட்டணம் கட்டித்தான் படிக்க வேண்டும் என்று வந்தாலும், ரசீது தராத இடத்தில் கட்டுவதைவிட அங்கே போய்க் கேட்பது எவ்வளவோ மேல். எங்கே படித்தாலும், முடிவில் பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழைக் கையில் வாங்காமல் வரக்கூடாது. அது இல்லாமல் கனரக உரிமத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

பயிற்சி பெறும் லாரியை வைத்து டிரெய்லரை எடைபோட வேண்டாம் என்றும் தம்பியிடம் சொல்லுங்கள். டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது அதன் வால் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை முதலில் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். வால் திரும்பத் தொடங்கியதும் அதே வேகத்தில் மறுபக்கம் கொண்டுவர வேண்டும். அந்த நொடியைத் தவறவிட்டால் முன்தலையும் பெட்டியும் கத்தரிபோல மடங்கிவிடும். நான் இதைக் கற்றது பள்ளியில் அல்ல, எண்ணூர் விரைவு சாலையில் இரவெல்லாம் துறைமுக வரிசையில் நின்ற காலத்தில், கிளீனராக இறங்கி வழிகாட்டியபோதுதான். யார்டில் வேலை செய்யும் தம்பிக்கு அந்த வாய்ப்பு தினமும் கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் உரிமம் வரும்வரை பார்ப்பதோடு நிற்கட்டும், ஸ்டியரிங்கில் கை வைக்க வேண்டாம்.

காலடிப்பேட்டை அக்கா:

இருவருக்கும் மிக்க நன்றி. வருமானச் சான்றிதழில் உண்மையிலேயே திருவள்ளூர் மாவட்டம் என்றுதான் இருக்கிறது. திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகம் போகிறோம். ஒரே ஒரு சந்தேகம்: திட்டத்தில் இடம் கிடைக்க மாதங்கள் ஆகலாம் என்றால், அதுவரை அவன் யார்டிலேயே உதவியாளராக இருக்க வேண்டியதுதானா?

ஜீரோ கேட் டிரைவர்:

தேவையில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக உரிமம் வைத்திருப்பவர் தனி அனுமதி இல்லாமலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. மணலியில் அவற்றுக்குப் பஞ்சமில்லை என்பதால் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேரச் சொல்லுங்கள். மாதவரம் பக்கத்துக் கிடங்குகளில் சிறிய சரக்கு வண்டிகளுக்கு ஆள் தேடிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.