மாற்றலாகிப் போகும் பங்குச்சாமிக்கு மோதிரம் போடலாமா?

மலைப்பங்கு எழுதியது:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சேர்வராயன் மலையில் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள், எங்களுடையது. நான் பங்குப் பேரவை உறுப்பினர். எங்க குருவானவருக்கு, சாமின்னுதான் கூப்பிடுவோம், இந்த ஜூனில் மாற்றல் வந்திருக்கு. போன ஞாயிறு பேரவை கூடினப்போ குடும்பத்துக்கு 1,000 ரூபாய் வரி, சாமிக்கு அரைப் பவுன் மோதிரம், பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரைக்கும் பிளெக்ஸ், மதியம் பிரியாணின்னு பேசினாங்க. பாதிக்கு மேல எஸ்டேட் கூலிக் குடும்பங்கள். காப்பிப் பழம் பறிக்கிறது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான். இப்போ வேலை நாளே குறைவு. யோசிக்க ஒரு வாரம் வேணும்னு நான் சொன்னதால முடிவு தள்ளிப்போயிருக்கு. நன்றி சொல்லணுங்கறதுல எனக்குச் சந்தேகம் இல்ல. எந்த வகையில சொல்றதுன்னுதான் தெரியணும். உங்க பங்குகள்ல என்ன செய்யறீங்க?

அம்மாபேட்டைக்காரன்:
அக்கா, மோதிரமா பிளெக்ஸான்னு பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். எதுக்கு நன்றி விழா? குருவானவர் விரும்பி ஏத்துக்கிட்ட வாழ்க்கை அது. பூசை வைக்கிறதும், பாவசங்கீர்த்தனம் கேக்கறதும், நோயாளிக்கு எண்ணெய் பூசறதும் அவர் பணி. தங்க வீடும் சாப்பாடும் பங்கு தருது.

எனக்குப் பெரிய உறுத்தல் வேற. பல பங்குகள்ல சாமிதான் பள்ளிக்கூடத் தாளாளர். பேரவைத் தலைவரும் அவர்தான். டீச்சருக்கு வேலை அவர் கையில, பிள்ளைக்கு சீட்டு அவர் கையில, கோயில்ல வாசிக்கிற கல்யாண ஓலை அவர் கையில. அப்படிப்பட்டவருக்கு வசூல்னு நோட்டைத் தூக்கிட்டு வீட்டு வாசல்ல வந்து நின்னா யாரால தரமாட்டேன்னு சொல்ல முடியும்? மனசுல இருந்து வர்றதுதான் நன்றி. மறுக்க வழியில்லாம தர்றதை நான் நன்றின்னு எடுத்துக்க மாட்டேன்.

நான் முன்னாடி இருந்த ஒரு பங்குல மண்டபம் கட்டி முடிச்சப்போ வரவு செலவு கேட்டோம். "சாமிகிட்டயே கணக்கு கேக்கறீங்களா"ன்னு எங்களை வாயடைச்சது சாமி இல்ல, பொன்னாடை போட்ட நம்ம ஆளுங்கதான்.

லைன்வீட்டுப்பொண்ணு:
அண்ணா, நீங்க கீழ டவுன்ல இருந்துக்கிட்டு எதுக்கு நன்றின்னு கேக்கறீங்க. நான் சொல்றேன்.

எங்க லைன்ல, அதாவது எஸ்டேட் கூலிக்காரங்க வீட்டு வரிசையில, ராத்திரி ஒருத்தருக்கு முடியலைன்னா ஆட்டோ வராது. ஆம்புலன்ஸ் மேல ஏறி வர்றதுக்குள்ள என்ன வேணா ஆகலாம். ரோட்டுல காட்டெருமை நிக்கும், மூட்டம் விழுந்தா முன்னாடி போற வண்டியே தெரியாது. எங்கம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்தப்போ அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் தானே வண்டி ஓட்டி இறக்கி சேலம் ஜி.எச்.ல சேர்த்தது எங்க சாமி. வார்டுல ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்லாதப்போ அவர்தான் தள்ளினார். விடிஞ்சதும் மேல வந்து ஆறரைப் பூசை வெச்சார். இது எந்தப் பணி விதியில இருக்கு?

நான் பன்னிரண்டாவது முடிச்சதும் காலேஜுக்கு விண்ணப்பம் போட எங்க வீட்ல யாருக்கும் தெரியாது. சாமி தங்கியிருக்கிற அறைவீட்டு கம்ப்யூட்டர்ல உக்காந்து போட்டுக் குடுத்தார். எங்க லைன்ல பாதிப் பேர் இந்துக்கள். அவங்க பிள்ளைங்களுக்கும் போட்டார். எங்கப்பா கிட்ட 1,000 ரூபாய் இல்ல, அது உண்மை. ஆனா ஒண்ணுமே செய்யாம அவரை வண்டி ஏத்தி அனுப்பினா எங்களுக்குத் தாங்காது.

நாகலூர்_மிளகு:
நான் கிறிஸ்தவன் இல்ல. இந்தப் பொண்ணு சொல்றது உண்மை. எங்க ஊர்ப் பிள்ளைங்களும் அங்கதான் போய் எழுதி வாங்கிட்டு வந்தாங்க. விழா வெச்சா சொல்லுங்க, ஒரு மூட்டை அரிசி என் பங்கு. எனக்கு வரி போட வேண்டியதில்ல.

ஓய்வாசிரியர்_அஸ்தம்பட்டி:
இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் வைத்துப் பேசினால் நல்லது.

மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுப்பதில்லை. துறவு சபைக் குருக்கள்தான் எடுக்கிறார்கள். ஆகவே தனக்கென்று ஒரு பொருள் வைத்துக்கொள்வது மறைமாவட்டக் குருவுக்குக் குற்றமாகாது. ஆனால் 282-ஆம் சட்டம் அவரை எளிய வாழ்வு வாழச் சொல்கிறது. பணியின் வழியாக வருவதில் தம் தேவைக்கு மிஞ்சியதைத் திருச்சபையின் நலனுக்கும் அறச்செயலுக்கும் தர விரும்பவேண்டும் என்கிறது. பணியாளர்கள் தகுந்தபடி வாழ உதவுவது இறைமக்களின் கடமை என்று 222-ஆம் சட்டம் சொல்கிறது. அதனால் குருவைத் தாங்குவது நாம் செய்யும் தயவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நம் வேண்டுதலுக்காகப் பூசை வைக்கச் சொல்லித் தரும் பூசைக் கருத்துப் பணத்தைப் பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. ஒரே நாளில் மூன்று கிளைக் கிராமங்களில் மூன்று பூசை வைத்தாலும் ஒரே ஒரு பூசையின் காணிக்கையைத்தான் குரு தமக்கு வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்து பிறப்பு விழா மட்டும் விதிவிலக்கு. மற்றவை ஆயர் குறிக்கும் காரியத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேல், ஒவ்வொரு ஞாயிறும், கட்டாயம் பூசை காண வேண்டிய கடன் திருநாட்களிலும் ஒரு பூசையைப் பங்கு மக்களுக்காகவே பங்குத்தந்தை ஒப்புக்கொடுக்க வேண்டும். அதற்குக் காணிக்கை கிடையாது. நம் பெயரைச் சொல்லி நமக்காக ஒருவர் வாரந்தோறும் நிற்கிறார், நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால் நன்றி அங்கிருந்து தொடங்க வேண்டும்.

நம் மண்ணின் கதையையும் நினைக்கலாம். 1623-இல் தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து திருச்சி, சேந்தமங்கலம், சேலம் என்று வந்தார். சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. முதல் ஆயர் புருனியே ஆண்டகை பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்தவர். சொந்த நாடு, சொந்த மொழி எல்லாம் விட்டு வந்தவர்கள் பலரின் உழைப்பில் எழுந்தவை நம் கோயில்கள்.

அம்மாபேட்டைக்காரன்:
ஐயா, அந்தப் பாதி வரலாற்றோட மறுபாதியையும் சேர்த்துச் சொல்லணும். தத்துவ போதகர் வழியில வந்த சந்நியாசி சாமிகள் உயர்சாதி ஆளுங்களுக்கு மட்டும். தாழ்த்தப்பட்டவங்களை வெளிப்படையா அணுக முடியாதுன்னு 1640 வாக்குல பண்டாரசாமிகள்னு தனிப் பிரிவே வெச்சாங்க. நல்ல எண்ணத்துல செஞ்சிருக்கலாம். ஆனா கோயிலுக்குள்ள சாதி நுழைஞ்ச வழிகள்ல அதுவும் ஒண்ணு. நன்றி சொல்றப்போ இதை யாரும் மேடையில சொல்றதில்ல.

தங்கச்சி, உங்கம்மாவை இறக்கிட்டு வந்த சாமியை நான் மதிக்கறேன், மனசார. எனக்குப் பயம் தனி ஆளைப் பத்தி இல்ல, நாம வளர்க்கிற பழக்கத்தைப் பத்தி. போப் பிரான்சிஸ் 2018 ஆகஸ்ட்ல இறைமக்கள் எல்லாருக்கும் எழுதின கடிதத்துல, சிறுவர் மேல நடந்த கொடுமைகளுக்குக் குருத்துவ ஆதிக்க மனப்பான்மையும் ஒரு வேர்னு சொன்னார். அதை வளர்க்கறதுல பொதுநிலையினருக்கும் பங்கு இருக்குன்னும் சொன்னார். சாமி தப்பே செய்ய மாட்டார்னு ஒரு ஊரே நம்பினா, ஒரு பிள்ளை வந்து அழுதா யார் கேப்பாங்க? போக்சோ சட்டம் 2012-லயே வந்தாச்சு, தெரிஞ்சும் புகார் செய்யாம இருந்தா அதுவே குற்றம். எத்தனை பங்குல இதைப் பத்தி ஒரு ஞாயிறாவது பேசியிருக்காங்க? பிளெக்ஸ்ல ஆளுயரப் படம் போடற கைக்கு இதையும் ஒரு பலகையில எழுதி வைக்க ஏன் வரலை?

அப்பறம் உபதேசியார். மாசத்துக்கு ஒரு தடவை சாமி வர்ற ஊர்கள்ல ஜெபம் சொல்லிக் குடுத்தது, சாவுக்கு முன்னாடி நின்னது, குழியில மண் போட்டது அவர். அவருக்கு எந்தப் பங்குல பிரிவு விழா?

ஓய்வாசிரியர்_அஸ்தம்பட்டி:
உபதேசியார் விஷயத்தில் உங்களோடு முழுமையாக ஒத்துப்போகிறேன்.

மற்றதற்கு ஒன்று. அதே திருத்தந்தை அடுத்த வருடம், 2019 ஆகஸ்ட் 4 அன்று, பிரான்சின் ஆர்ஸ் கிராமப் பங்குத்தந்தை புனித வியான்னி இறந்த 160-ஆம் ஆண்டில், உலகக் குருக்களுக்கு ஒரு மடல் எழுதினார். அதில் நான்கு பகுதிகள். முதலில் வேதனை, அதாவது அந்தக் கொடுமைகளால் பாதிக்கப்பட்டோரின் அழுகுரல். அடுத்ததுதான் நன்றி. பிறகு ஊக்கம், புகழ்ச்சி. வேதனையை மறைத்துவிட்டு அவர் நன்றி சொல்லவில்லை. வேதனை இருக்கிறது என்பதற்காக, உண்மையாய் உழைக்கும் ஆயிரமாயிரம் குருக்களுக்கு நன்றியை நிறுத்திவைக்கவும் இல்லை. இரண்டையும் ஒரே மடலில் எழுத முடிந்தது. ஒரே பங்கில் நாமும் செய்ய முடியும் என்று நினைக்கிறேன்.

சூரமங்கலம்_இளையோர்:
எல்லாரும் விழாவே வேண்டாங்கற மாதிரி போறீங்க. பிளெக்ஸ், மோதிரம் வேண்டாம், சரி. விழா வேணும். எங்க இளையோர் இயக்கத்துல மேடை கட்டறது, பாட்டு எழுதறது, பொடிசுகளுக்கு டான்ஸ் சொல்லித் தர்றது எல்லாம் இந்த மாதிரி நாளுக்குத்தான். ஸ்கூல்ல மேடை ஏறாத பிள்ளைங்க இங்கதான் ஏறும். தெருத்தெருவா பிரிஞ்சு கிடக்கிற அன்பியங்கள், அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழுக்கள், ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடற நாள் வருசத்துக்கு எத்தனை இருக்கு? நன்றி சாமிக்குன்னாலும் அந்த நாள் நமக்கு.

சாமியார்வீட்டுத்_தங்கச்சி:
எங்கண்ணன் குருவானவர். எந்த ஊர்னு சொல்லலை.

ஒவ்வொரு மாற்றலுக்கும் அவருக்கு வந்த பொன்னாடைகளை எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில வெச்சிருக்கோம். ஒண்ணைக்கூட அவர் பிரிச்சுப் போர்த்தினதில்ல. மோதிரம் போட்டாங்க ஒரு ஊர்ல. எங்க போச்சுன்னு அம்மா கேட்டதுக்கு, ஒரு பிள்ளையோட ஃபீஸ் ஆயிடுச்சுன்னார்.

எங்கப்பாவை அடக்கம் பண்ணினது சனிக்கிழமை. மறுநாள் மூணு கிளைக் கிராமத்துல பூசை, அவருக்குப் பதில் போக யாரும் கிடைக்கலை. அழுத கண்ணோட கிளம்பினார். அன்னிக்குப் பூசைக்கு வந்தவங்களுக்கு, நம்ம சாமியோட அப்பா செத்து ஒரு நாள்தான் ஆகுதுன்னு தெரியவே தெரியாது. நான் கூடப் போயிருந்தேன். பிரசங்கம் நீளம்னு ஒருத்தர் வாசல்ல குறை சொல்லிட்டுப் போனார்.

சாமியாருங்களுக்கு என்ன வேணும்னு கேட்டீங்கன்னா நான் பார்த்ததைச் சொல்றேன். பூசை முடிஞ்சு எல்லாரும் போனதும் அறைவீட்டுல அவர் மட்டும்தான். ராத்திரி சமைக்க ஆள் வராத நாள்ல பிஸ்கட் தின்னுட்டுப் படுப்பார். சர்க்கரை வியாதி இருக்கு, மருந்து சாப்பிட்டீங்களான்னு கேக்க ஆள் கிடையாது. மாற்றலாகிப் போன பிறகு பழைய பங்குல இருந்து போன் வந்தா அன்னிக்குப் பூரா குரல்லயே சந்தோஷம் தெரியும். பெரும்பாலும் வராது. 75 வயசானா பங்குப் பொறுப்பை விட்டு விலகறதா ஆயருக்கு எழுதிக் குடுக்கணும். அதுக்கப்பறம் ஓய்வு இல்லத்துல இருக்கற சாமிகளைப் போய்ப் பாருங்க. ஊர் ஊரா நம்ம எல்லாருக்கும் ஞானஸ்நானம் குடுத்தவங்க. அங்க பார்வையாளர் நேரத்துக்கு வெளியில வரிசை ஒண்ணும் நிக்கிறதில்ல.

லைன்வீட்டுப்பொண்ணு:
அக்கா, படிச்சிட்டு எங்கம்மாகிட்ட சொன்னேன். எங்க லைன் பெண்கள் எல்லாரும் அவங்கவங்களுக்கு சாமி செஞ்சதை எழுதிக் குடுக்கலாம்னு சொன்னாங்க. எழுதத் தெரியாதவங்களுக்கு நான் எழுதறேன்.

அம்மாபேட்டைக்காரன்:
அந்தக் கடிதங்களுக்கு நான் எதிரி இல்ல. அதுல வரியும் இல்ல, பயமும் இல்ல. அக்கா எழுதினதைப் படிச்சேன், மனசு கனத்துப் போச்சு. ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு. அதே விழாவுல வரவு செலவையும் வாசிங்க. வாசிச்சா நன்றி குறையாது.

லைன்வீட்டுப்பொண்ணு:
அவர் கிளம்பற அன்னிக்குக் கணக்கு வாசிச்சா அவரைச் சந்தேகப்பட்டு நிறுத்தி வெச்ச மாதிரி ஆயிடும். எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. நானும் ஒத்துக்க மாட்டேன்.

ஓய்வாசிரியர்_அஸ்தம்பட்டி:
இதைச் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம் அம்மா. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537-ஆம் சட்டம். மக்கள் தந்த காணிக்கைக்கு மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அந்தந்த மறைமாவட்ட விதிப்படி, என்கிறது 1287. புதிதாகப் பொறுப்பேற்பவர் கோயில் சொத்துப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நேர்மையாய் நடந்த குருவுக்கு இது பாதுகாப்பு. அவர் போன பிறகு யாராவது ஏதாவது பேசினால் பதில் சொல்ல அவர் அங்கே இருக்க மாட்டார். விழாவுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிவில் வாசித்துவிடலாம்.

அம்மாபேட்டைக்காரன்:
முந்தின ஞாயிறுன்னா பூசை முடிஞ்சதும் பாதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடிடுவாங்க ஐயா. விழாவுலதான் எல்லாரும் இருப்பாங்க. நான் விழா அன்னிக்குத்தான்னு சொல்வேன்.

மலைப்பங்கு:
எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் கூட்டத்துல நான் சொல்லப்போறது இது. வரி வேண்டாம், கோயில் வாசல்ல ஒரு பெட்டி, போடறவங்க போடட்டும், நோட்டுல பேர் எழுதக்கூடாது. மோதிரம் வேண்டாம். சாப்பாடு உண்டு, அரிசி நாகலூர் அண்ணன் தர்றார், நாங்களே சமைக்கறோம். பெட்டியில மிஞ்சற பணத்தை என்ன செய்யறதுன்னு சாமியையே கேக்கறோம். உபதேசியாரையும் அவர் வீட்டம்மாவையும் அதே மேடையில சாமிக்குப் பக்கத்துல உக்கார வைக்கணும், அழைப்பிதழ்ல அவர் பேரும் வரணும். இதுக்கு எதிர்ப்பு வரும்னு தெரியும், அதனால இதைத்தான் முதல்ல எடுக்கப்போறேன்.

கணக்கு வாசிக்கிற நாள் பத்தி எனக்கு லைன்வீட்டுத் தங்கச்சி பக்கம்தான் மனசு போகுது. அதனால முந்தின ஞாயிறுன்னு கேக்கறேன், கூடவே ஒரு நகலை அறிவிப்புப் பலகையில விழா முடியற வரைக்கும் ஒட்டி வைக்கச் சொல்றேன். ஓய்வு இல்லத்துக்கு ஆகஸ்ட் 4 வியான்னி திருநாளுக்கு ஒரு வேன் போட்டுப் போறதுன்னும் எழுதி வெச்சிருக்கேன். சேலத்துல இருந்து சேர்ந்துக்கறவங்க இங்கயே சொல்லுங்க.