பயணம் வேண்டாம்: அந்த 160 மில்லிமீட்டருக்கு ஒரு சொல்

அனுப்புநர்: கும்பகோணம்
பொருள்: "பயணம்" என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

சொல் தேடும் குழுவினருக்கு வணக்கம்.

எங்கள் தெரு சைக்கிள் கடையில் வேலை கற்கும் பையனுக்கு, என் மலை சைக்கிளைக் கழற்றி மாட்டும் முறையை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதில் "முன் ஃபோர்க் பயணம்: 160" என்று ஒரு வரி. படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "அண்ணே, நூத்தறுவது கிலோமீட்டர் ஓடினதும் சர்வீஸ் விடணுமா?"

அவனைச் சொல்லி என்ன? ஆங்கிலத்தில் travel என்று இருந்ததை அப்படியே தூக்கிப் போட்டவன் நான்.

இந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காக: இதில் முன்னும் பின்னும் ஷாக் உண்டு, இரண்டிலும் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. முன்சக்கரம் கல்லில் ஏறும்போது ஃபோர்க்கின் மேல் குழாய்கள் கீழ்க் குழாய்களுக்குள் போகும். முழுக்க விரிந்த நிலையிலிருந்து முழுக்க ஒடுங்கிய நிலை வரை சக்கரம் நகரக்கூடிய அளவுதான் நான் சொல்ல வந்தது. பந்தய வகை மலை சைக்கிளில் இது 100, 120 மி.மீ. இருக்கும். மலையில் இறங்குவதற்கென்றே செய்த வண்டியில் 200 மி.மீ. என்னுடையது இடைப்பட்ட வகை, 160. ராக்‌ஷாக்ஸ் 1990-ஐ ஒட்டி முதன்முதலில் விற்ற ஃபோர்க்கில் இது 50 மி.மீ. கூட இல்லை. இன்று சிறுவர் சைக்கிளில்கூட அதைவிட அதிகம் இருக்கிறது.

மேடே இல்லாத ஊரில் இது எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டிலும் கேட்கிறார்கள். பச்சமலைக்கும் கொல்லிமலைக்கும் விடியற்காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். மற்ற நாளில் வாய்க்கால்தான். ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்து, தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரும்வரை வறண்ட வாய்க்கால் எங்களுடையது. தூர்வாரிக் கரையில் கொட்டிய மண்மேடுதான் எங்கள் இமயம்.

இப்போதைக்குக் கையில் இருப்பவை: வீச்சு, பெயர்ச்சி, அமுக்கம். மூன்றிலும் மனம் நிற்கவில்லை. சொல்லுங்கள்.


அனுப்புநர்: மன்னார்குடி
பொருள்: மறு: "பயணம்" என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

> வீச்சு, பெயர்ச்சி, அமுக்கம்

தம்பி, முப்பத்தோரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். வீச்சு என்றால் அலைவின் நடுநிலையிலிருந்து ஒரு பக்கத்து எல்லை வரை. உங்களுக்கு வேண்டியது இந்த எல்லையிலிருந்து அந்த எல்லை வரை. 160-ஐ வீச்சு என்று எழுதினால், என்னிடம் ஒழுங்காகப் படித்தவன் 320 என்று கணக்குப் போடுவான்.

பெயர்ச்சி, இலக்கணப்படி குறை சொல்ல முடியாத சொல். இடப்பெயர்ச்சி என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் திருநள்ளாறு, ஒரு பக்கம் ஆலங்குடி. "ஃபோர்க் பெயர்ச்சி" என்றால் எந்த ராசிக்கு நல்லது என்றுதான் கேட்பார்கள்.


அனுப்புநர்: திருச்சி (பிறந்தது யாழ்ப்பாணம்)
பொருள்: மறு: மறு: "பயணம்" என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

அண்ணை, அமுக்கம் மட்டும் வேண்டாம். நீங்கள் அழுத்தம் எண்டு சொல்லுறதை நாங்கள் பள்ளிக்கூடத்தில அமுக்கம் எண்டுதான் படிச்சனாங்கள். உங்கட ஃபோர்க்குக்குள்ள காத்தும் அடைச்சிருக்கு எண்டுறீங்கள். "அமுக்கம் 160" எண்டு கண்டால் நான் பம்பை எடுத்துக்கொண்டெல்லோ வருவன். ரெண்டு கரையிலயும் ஒரே பொருள் தாற சொல்லாப் பாருங்கோ.


அனுப்புநர்: திருவையாறு
பொருள்: மறு: மறு: "பயணம்" என்று எழுதி மாட்டிக்கொண்டேன்

ரொம்ப யோசிக்கிறீங்க. "உள்வாங்கல்" போதாதா? "தாழ்வு" இன்னும் சுருக்கம்.


அனுப்புநர்: நாகப்பட்டினம்
பொருள்: அமிழ்வு?

திருவையாற்று அண்ணனுக்கு: உள்வாங்கல் எங்கள் பக்கம் எடுபடாது. 2004 டிசம்பருக்குப் பிறகு, "கடல் உள்வாங்கியது" என்று டி.வி.யில் ஒரு வரி ஓடினாலே எங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். தாழ்வும் அப்படித்தான். காற்று அடைத்த ஃபோர்க்கில் தாழ்வு என்று சொன்னால், காற்றழுத்தத் தாழ்வு என்று நினைத்துத் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடுவார்கள்.

என் பரிந்துரை அமிழ்வு. அப்பா விசைப்படகில் போனவர். கடலுக்குக் கிளம்பும் முன் ஐஸும் டீசலும் ஏற்றுவார்கள். வெறும் படகு ஒரு மட்டத்தில் மிதக்கும், ஏற்றிய படகு அதற்குக் கீழே ஒரு மட்டத்தில் அமிழ்ந்து நிற்கும். கும்பகோணத்துத் தம்பி சொல்லும் வண்டியிலும் ஆள் ஏறி உட்கார்ந்ததும் கொஞ்சம் இறங்கும்தானே? மொத்த அளவு, உட்கார்ந்ததும் இறங்கும் அளவு, இரண்டுக்கும் சொல் வேண்டும். இரண்டையும் ஒரே வேரில் கட்டினால் கற்றுக்கொள்கிறவனுக்குச் சுலபம்.

முழுக்க அமிழ்ந்து இடித்தால் என்ன சொல்வீர்கள்? எங்களுக்குப் படகு தரைதட்டும்.


அனுப்புநர்: கும்பகோணம்
பொருள்: மறு: அமிழ்வு?

அக்கா, சொல் பிடித்துவிட்டது. தட்டுவதற்குக் கடையிலேயே சொல் இருக்கிறது. ஷாக் போன மோட்டார் சைக்கிளைக் கொண்டுவருகிறவர்கள் "அடி தட்டுது" என்றுதான் சொல்வார்கள். அதையே அடிதட்டல் என்று வைத்துக்கொள்வோம். கடைச் சொல் இருக்கும் இடத்தில் நாம் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி. வளைந்த ரிம்மை நேராக்குவதைக் கோட்டம் எடுப்பது என்று எத்தனை தலைமுறையாகச் சொல்கிறார்கள்! அதைவிட நல்ல சொல்லை எந்தக் குழு உட்கார்ந்து ஆக்கிவிடும்?

ஆனால் நீங்கள் போகிறபோக்கில் கேட்டீர்களே, உட்கார்ந்ததும் இறங்கும் அளவு, அங்கேதான் நான் அடிபட்டேன். வண்டியைக் கட்டி முடித்த புதிது. காசு கொடுத்து 160 வாங்கிவிட்டு, அதில் முப்பது நாற்பதைச் சும்மா உட்கார்ந்தே தொலைப்பதா என்று ஷாக் பம்பால் காற்றை ஏகத்துக்கு ஏற்றிவிட்டேன். ஏறி உட்கார்ந்தால் கல் மாதிரி நின்றது, எனக்கோ பெருமை. அன்று மாலையே வாய்க்காலுக்குள், ஒரு மதகைத் தாண்டியதும் தண்ணீர் விழுந்து அரித்த பள்ளம். சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கவே இல்லை. அப்படியே பாய்ந்து எதிர் விளிம்பில் மோதியது. மணிக்கட்டு பத்து நாள் வீங்கிக் கிடந்தது.

மேடு வந்தால் சக்கரம் மேலே ஏற இடம் வேண்டும், அது யாருக்கும் புரியும். பள்ளம் வந்தால் கீழே இறங்கவும் இடம் வேண்டும். ஆள் ஏறிய பிறகும் ஃபோர்க் முழுக்க விரிந்தே நின்றால் கீழே நீட்ட மிச்சம் ஏது? உட்கார்ந்து இழப்பதாக நான் நினைத்தது பள்ளத்துக்கென்று ஒதுக்கிய பங்கு. முன்னால் ஐந்தில் ஒரு பங்கு, பின்னால் 30 விழுக்காடு என்பது இந்த வகை வண்டிக்கு வழக்கமான தொடக்கக் கணக்கு. அளப்பது சுலபம். குழாயில் இருக்கும் ரப்பர் வளையத்தை அடிவரை தள்ளிவிட்டு, தலைக்கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஏறி நின்று, குலுக்காமல் இறங்கினால் வளையம் நகர்ந்து நிற்கும். எனக்கு முன்னால் 32 மி.மீ. வர வேண்டும். வராவிட்டால் காற்றைக் குறைக்க வேண்டும், கூடினால் ஏற்ற வேண்டும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதற்கும் விடை வேண்டும். பின்பக்கம் ஷாக் நேராகச் சக்கரத்தோடு சேரவில்லை. நடுவில் நெம்புகோல் மாதிரி இணைப்புகள். பழைய ஷாக்கின் தண்டு 60 மி.மீ. உள்ளே போனால் சக்கரம் 150 மி.மீ. நகரும், ஒன்றுக்கு இரண்டரை. தண்டு 65 போகிற ஷாக்காக மாற்றினேன். இப்போது சக்கரத்தில் 162 கிடைக்கிறது. (எல்லாச் சட்டகமும் இதற்கு இடம் கொடுக்காது. டயர் போய் சீட்டுக் குழாயில் உரசும் வண்டிகள் உண்டு. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, கையால் கடைசிவரை அமுக்கிப் பார்த்த பிறகுதான் ஓட்டினேன்.) முன்னாலும் 150-ஆக இருந்ததை உள்ளே இருக்கும் காற்றுத் தண்டை மட்டும் மாற்றி 160 ஆக்கினேன். அந்தப் பத்து மில்லிமீட்டரில் வண்டியின் மூக்கு உயர்ந்து, ஃபோர்க் கிட்டத்தட்ட அரை டிகிரி முன்னால் சாய்ந்துவிட்டது. இறக்கத்தில் நிம்மதி. கொல்லிமலையில் ஏறும்போதுதான் முன்சக்கரம் நேரே நிற்காமல் அலைகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு, எழுபதிலும் திட்டிக்கொண்டே ஏறினேன்.

ஆக, 65 என்பதும் அமிழ்வு, 162 என்பதும் அமிழ்வு என்று எழுதினால் பையன் மறுபடி என்னைப் பார்ப்பான். தண்டு அமிழ்வு, சக்கர அமிழ்வு என்று பிரிக்கலாமா?


அனுப்புநர்: மன்னார்குடி
பொருள்: மறு: மறு: அமிழ்வு?

சக்கரம் எங்கே அமிழ்கிறது? சட்டகத்தைப் பொறுத்தவரை சக்கரம் மேலே அல்லவா ஏறுகிறது. சக்கர ஏற்றம் என்பதே சரி.


அனுப்புநர்: நாகப்பட்டினம்
பொருள்: மறு: மறு: அமிழ்வு?

ஐயா, படகு அமிழ்ந்ததா, தண்ணீர் மேலே ஏறியதா? படகில் உட்கார்ந்திருப்பவன் பேச்சுதான் செல்லும். ஏற்றம் என்று வைத்தால் கொல்லிமலை ஏற்றத்தோடு குழம்பும். இறக்கம் என்று வைத்தாலும் அதே கதை.


அனுப்புநர்: திருவாரூர்
பொருள்: மறு: மறு: அமிழ்வு?

ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். ஆள் ஏறி அசையாமல் நிற்கும்போது இறங்குகிற அளவுக்கு "அமர்வு" என்று யாராவது சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன். அது மாநாட்டுக்காரர்களிடம் போய்விட்டது, திரும்பி வராது.

எங்கள் ஊரில் தேர் ஓடி முடித்து நிற்கும் இடம் நிலை. "தேர் நிலைக்கு வந்தாச்சா?" என்றுதான் கேட்போம். வண்டியும் அந்த அளவு அமிழ்ந்துதான் தன் நிலையில் நிற்கிறது. மேடோ பள்ளமோ தாண்டினால் திரும்ப வருவதும் அங்கேதான். நிலையமிழ்வு என்று வைக்கலாம்.

கொசுறு: கும்பகோணத்தார் வண்டியில் ஹைட்ராலிக் பிரேக் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆழித்தேருக்கும் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தித் தந்திருக்கிறது. முட்டுக்கட்டைக்காரர்கள் இன்னும் கூடவே வருகிறார்கள். அந்த வசதி உங்கள் வாய்க்காலில் கிடையாது, பார்த்து ஓட்டுங்கள்.


அனுப்புநர்: மன்னார்குடி
பொருள்: மறு: மறு: அமிழ்வு?

நாகப்பட்டினத்து அம்மா சொன்ன படகுக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். சார்பு இயக்கத்தை எத்தனையோ வருடம் நடத்திவிட்டு நானே கோட்டைவிட்டேன். நிலையமிழ்வும் நன்று.

ஒரே ஒரு திருத்தம். தண்டு அமிழ்வு என்று பிரித்து எழுத வேண்டாம். தண்டு + அமிழ்வு, குற்றியலுகரம் கெட்டுத் தண்டமிழ்வு ஆகும். தண் + தமிழ் சேர்ந்தாலும் தண்டமிழ்தான். புலவர்கள் பாடிய சொல் ஷாக்குக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது. வரட்டுமே. இரண்டு நாளாக இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் சிரிக்கவில்லை.


அனுப்புநர்: திருச்சி (பிறந்தது யாழ்ப்பாணம்)
பொருள்: மறு: மறு: அமிழ்வு?

நான் சிரிச்சனான் ஐயா. அமிழ்வு எங்கட பக்கத்திலயும் விளங்கும்.


அனுப்புநர்: திருவையாறு
பொருள்: மறு: மறு: அமிழ்வு?

எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அமிழ்வு என்றால் மூழ்கிப்போன மாதிரி இருக்கிறது. பிழைத்து வருமா என்று தோன்றுகிறது. என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். புழக்கத்தில் வந்தால் நானும் சொல்லிவிட்டுப் போகிறேன்.


அனுப்புநர்: கும்பகோணம்
பொருள்: மறு: மறு: அமிழ்வு?

எதிர்ப்பு பதிவானது, அண்ணே.

பையனுக்குக் குறிப்பைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது:

"முன்னால் சக்கர அமிழ்வு 160 மி.மீ., நிலையமிழ்வு 32. பின்னால் சக்கர அமிழ்வு 162. தண்டமிழ்வு 65, அதில் நிலையமிழ்வு பத்தொன்பதரை. இரண்டு பக்கமும் நிலையமிழ்வு சரியாக இருந்தும் அடிதட்டினால், காற்றைக் கூட்டாதே. காற்றறைக்குள் போடும் பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கூடுதலாகப் போடு. அறை சுருங்கி, கடைசிப் பகுதி மட்டும் இறுகும்."

நின்றபடியே படித்தான். கேள்வி கேட்கவில்லை. ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, "ஏறுங்கண்ணே" என்றான். 38 வந்தது. கொஞ்சம் காற்று ஏற்றினான். 33. போதும் என்று அவனே முடிவு செய்துவிட்டான், நானும் விட்டுவிட்டேன்.

பிறகு ஃபோர்க்கின் அடியில் இருக்கும் சிவப்புத் திருகைத் தொட்டுக் காட்டினான். "அமுந்தினதுக்குப் பேரு வெச்சுட்டீங்க. இது எந்திரிச்சு வர்ற வேகத்துக்குத்தானே? அதுக்கு என்ன பேரு?"

புது இழை தொடங்குகிறேன். மீட்பு என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். பெரிய தெரு முழுக்க அடகுக் கடை.