நெடுந்தூர அடிக்கு லிங்க்ஸ் கோல்ஃப் மைதானங்கள் ஈடுகொடுக்குமா?

கேள்வி:

2022-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், லிங்க்ஸ் எனப்படும் கடலோர மணற்பாங்கான கோல்ஃப் மைதானங்களில் ஒன்றான பழைய மைதானத்தில் (ஓல்டு கோர்ஸ்) நடந்த 150-ஆவது ஓப்பன் போட்டியின் இறுதிச் சுற்றை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். கேமரன் ஸ்மித் பாருக்கு (எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கைக்கு) 20 குறைவாக, மொத்தம் 268 ஸ்ட்ரோக்குகளில் (அடிகளில்) வென்றார். அவரைத் துரத்தி வந்த கேமரன் யங், 357 யார்டு நீளமுள்ள கடைசிக் குழியில் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து) ஒரே அடியில் கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) பந்தை நிறுத்தி ஈகிள் (பாருக்கு 2 குறைவு) எடுத்தார். அந்த அடியின் அழகில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால், நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய பார் 4 குழி ஒன்றை டீயிலிருந்தே எட்டிவிட முடிகிறது என்றால், கிரீனுக்கு முன்னால் இருக்கும் அந்தப் பெயர்பெற்ற பள்ளத்தை எப்படிக் கடப்பது என்று இரண்டாவது அடிக்கு முன் நின்று யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறதே என்ற கவலை வருகிறது. காற்று அடங்கிய நாளில் இத்தகைய மைதானங்கள் இன்றைய ஆட்டக்காரர்களுக்கு ஈடுகொடுக்குமா? டீயைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போவது சரியா, பந்தைக் கட்டுப்படுத்துவது சரியா?

மறுமொழி 1:

இந்தக் கவலை சற்று மிகையானது என்று கருதுகிறேன். லிங்க்ஸ் மைதானத்துக்குக் காவல் அதன் நீளம் அன்று; காற்றும், மணற்பாங்கான இறுகிய தரையும், பந்தைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும் பங்கர்கள் என்னும் ஆழமான மணற்குழிகளும்தான். இதே செயின்ட் ஆண்ட்ரூஸில் 2010-இல் ரோரி மெக்கில்ராய் முதல் நாள் சுற்றை 63 அடிகளில் முடித்தார். மறுநாள் காற்று எழுந்தபோது அவருக்கு 80 அடிகள் தேவைப்பட்டன. ஒரே ஆள், ஒரே மைதானம், ஓர் இரவு இடைவெளி.

தொலைவாக அடிப்பவரே வெல்கிறார் என்றும் சொல்ல முடியாது. 2015-இல் அங்கே வென்ற ஸாக் ஜான்சனும், 2023-இல் இங்கிலாந்தின் ராயல் லிவர்பூல் மைதானத்தில் 6 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற பிரையன் ஹார்மனும் தூரத்துக்குப் பெயர் பெற்றவர்கள் அல்லர். அதே ராயல் லிவர்பூலில் 2006-இல் தரை காய்ந்து பழுப்பேறிக் கிடந்தபோது, டைகர் உட்ஸ் நான்கு நாட்களிலும் சேர்த்து ஒரே ஒருமுறைதான் டிரைவரை (மிகத் தொலைவாக அடிக்கும் மட்டையை) எடுத்தார். மற்ற டீ அடிகளையெல்லாம் பங்கர்களுக்கு முன்னதாகவே நிறுத்தி, பாருக்கு 18 குறைவாக முடித்தார். தரை வேகமாக இருந்தால், தூரமே ஆபத்தாகிவிடும்.

மறுமொழி 2:

முந்தைய நண்பர் சொன்ன சான்றுகளை மறுக்கவில்லை. ஆனால் அவை யார் வென்றார் என்பதைச் சொல்கின்றனவே தவிர, ஆட்டத்தில் எது குறைந்துபோயிற்று என்பதைச் சொல்லவில்லை. ஸ்கோர் 20 குறைவாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. தரை கேட்கும் கேள்விக்கு ஆட்டக்காரர் பதில் சொல்லத் தேவையில்லாமல் போவதுதான் இழப்பு.

பழைய மைதானத்தின் 12-ஆவது குழியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஏறத்தாழ 350 யார்டுதான். அம்மைதானத்தை முற்காலத்தில் எதிர்த்திசையிலும் ஆடியதால், அந்த ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட புல்வெளியின்) பங்கர்கள் அத்திசையிலிருந்து வருபவரின் கண்ணில்தான் படும். இன்றைய டீயில் நிற்பவருக்கு அவை தெரியா. எந்தப் பக்கம் அடிப்பது, எவ்வளவு முன்னால் நிறுத்துவது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பி எப்படி முடிவெடுப்பது என்பதே அந்தக் குழியின் உயிர். பந்தை 300 யார்டு வானிலேயே கொண்டுபோகிறவருக்கு அந்த உயிர் இல்லை. பங்கர்கள் எல்லாம் அவர் பந்துக்குக் கீழே கடந்துபோகின்றன.

கடலிலிருந்து தள்ளி உட்பகுதியில் இருக்கும் மைதானங்களில் இதற்குக் கைகண்ட மருந்து ஒன்று உண்டு: கிரீன்களின் வேகத்தை, அதாவது அவற்றில் பந்து உருளும் வேகத்தை, கூட்டிவிடுவார்கள். கடலோரத்தில் அது நடக்காது. வேகமான கிரீனில் காற்று அடித்தால் நிற்கும் பந்தே நகர்ந்துவிடும். 2015-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓப்பனின் சனிக்கிழமை அப்படித்தான் ஆட்டம் 10 மணி நேரத்துக்கும் மேலாக நின்றுபோய், போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. ஆகவே, காற்றைக் காவல் என்று சொல்லும்போது, அந்தக் காவலனே கிரீனை மெதுவாக வைத்திருக்கும்படி கட்டாயப்படுத்துகிறான் என்பதையும், காற்று வராத நாளில் அந்த மெதுவான கிரீன் மைதானத்தை நிராயுதபாணியாக நிறுத்திவிடுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீளத்தைக் கூட்டுவதற்கும் பழைய மைதானத்தில் இடமில்லை. 2000-இல் 7,115 யார்டாக இருந்த மைதானம் 2022-இல் 7,313 யார்டு. 17-ஆவது குழிக்கு 2010-இல் 40 யார்டு சேர்ப்பதற்காக, பழைய ரயில் பாதைக்கு அப்பால், மைதானத்தின் எல்லைக்கு வெளியே டீயை அமைக்க வேண்டியிருந்தது. மேலும், அங்கே 14 குழிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 7 பெரிய கிரீன்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரே கிரீனில் இரு குழிகளின் ஆட்டக்காரர்கள் இருக்கக்கூடும் என்பதால், பார் 4 கிரீன்களை டீயிலிருந்தே எட்ட முடிகிறபோது, முன்னால் ஆடுபவர்கள் நகரும்வரை பின்னால் இருப்பவர்கள் காத்து நிற்கத்தான் வேண்டும்.

மறுமொழி 3:

பந்தைக் கட்டுப்படுத்துவதுதான் வழி என்பது என் உறுதியான கருத்து. இது புதிய சிக்கலும் அன்று. ரப்பர் நூல் சுற்றிய, தொலைவாகப் போகும் ஹாஸ்கெல் பந்தைக் கொண்டு 1902-இல் சாண்டி ஹெர்ட் ஹாய்லேக்கில் (ராயல் லிவர்பூல் மைதானத்தில்) ஓப்பனை வென்ற பிறகு, மரப்பாலால் ஆன பழைய கட்டாப்பெர்ச்சா பந்து வெகு விரைவில் காணாமல் போயிற்று. பிரிட்டனில் புழங்கிய 1.62 அங்குலச் சிறிய பந்து எதிர்க்காற்றில் நன்றாகப் போகும். அதை 1974 முதல் ஓப்பனில் அனுமதிக்கவில்லை. அப்போதும் ஆட்டம் கெட்டுவிடவில்லை.

2023 டிசம்பரில், கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அமெரிக்கக் கோல்ஃப் சங்கமும் அறிவித்த மாற்றம் இதே வழியில் செல்கிறது. பந்தைச் சோதிக்கும்போது அதிகபட்சத் தூரம் 317 யார்டு என்ற வரம்பு அப்படியே இருக்கும். ஆனால் அடிக்கும் வேகத்தை மணிக்கு 120 மைலிலிருந்து 125 மைலாக உயர்த்துவார்கள். கூடுதல் வேகத்தில் அடித்தாலும் அதே வரம்பைத் தாண்டக் கூடாது என்பதால் பந்து தொலைவு குறைந்ததாகவே இருக்க வேண்டும். அதனால் மிகத் தொலைவாக அடிப்பவர்கள் 13 முதல் 15 யார்டு வரை இழப்பார்கள் என்றும், பொழுதுபோக்காக ஆடுபவர்கள் 5 யார்டுக்கு மேல் இழக்க மாட்டார்கள் என்றும் அவ்வமைப்புகள் கணித்தன. என்னைக் கேட்டால், அந்த 15 யார்டு போதாது. 12-ஆவது குழியின் பங்கர்கள் மறுபடியும் பொருள் பெற வேண்டுமானால், அதைப் போல இரு மடங்காவது குறைய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. காற்றுக்கும் கிரீனின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. டீயைப் பின்னுக்கு நகர்த்தலாம் என்று எனக்கிருந்த பாதி நம்பிக்கையும் இப்போது போய்விட்டது. ஆனால் பந்து போகும் தூரத்தை 30 யார்டு குறைப்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு: முழு பலத்தோடு அடித்தும் 200 யார்டைத் தாண்டாத என்னைப் போன்றவர்களுக்கு அந்த இழப்பில் எவ்வளவு பங்கு வரும் என்பதைப் பொறுத்தே அதை ஏற்பேன். 2027-இல் ஓப்பன் மறுபடி செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வருகிறது. அப்போது ஸ்கோர் பலகையைவிட, 12-ஆவது டீயில் யார் டிரைவரை எடுக்கிறார், யார் அயர்னை (அதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் மட்டையை) எடுக்கிறார் என்பதைத்தான் முதலில் கவனிப்பேன்.