எம்டூ மொக்தாரோட ரெண்டு ஆல்பமும் ஒரே பாட்டுங்களா? எதுல ஆரம்பிக்கிறது?

மொட்டைமாடி_ரேடியோ:
மக்களே ஒரு டவுட். போன வாரம் நைட் ஷிப்ட் முடிச்சு பஸ்ல வர்றப்ப யூடியூப் தானா ஒரு பாட்ட போட்டுச்சு, தலப்பா கட்டுன ஒருத்தர் இடது கைல கிட்டார் வாசிக்கிறார், பாஷ ஒரு எழுத்து புரியல, ஆனா நாலு தடவ திருப்பித் திருப்பிக் கேட்டு எறங்க வேண்டிய ஸ்டாப்பயும் விட்டுட்டேன். தேடிப் பாத்தா எம்டூ மொக்தாராம், நைஜர் நாட்டுக்காரர் (நைஜீரியா இல்ல, அதுக்கு மேல இருக்கறது, நானும் மொதல்ல கொழம்புனேன்). இப்ப என்னன்னா 2024ல 'ஃபியூனரல் ஃபார் ஜஸ்டிஸ்'னு ஒரு ஆல்பம், 2025ல 'டியர்ஸ் ஆஃப் இன்ஜஸ்டிஸ்'னு இன்னொண்ணு. பாட்டு லிஸ்ட்ட பாத்தா ரெண்டுலயும் கிட்டத்தட்ட அதே பேருங்க. ஒரே மாவுல ரெண்டு தோச சுட்டு ரெண்டுக்கும் காசு வாங்குறாங்களா? எத மொதல்ல கேக்கறது?

கம்பி_அறுந்தவன்:
சந்தேகம் நியாயமானதுதான், ஆனா இது அந்த மாதிரி கத இல்ல. மொத ஆல்பத்த பேண்டு ஏற்கனவே ரெகார்டு பண்ணி வச்சிருந்தாங்க, ஃபுல்லா எலெக்ட்ரிக், ஸ்பீடு, காது கிழியும். 2023 ஜூலைல இவங்க அமெரிக்கால டூர்ல இருக்கறப்ப ஊர்ல ராணுவம் ஆட்சியப் புடிச்சிருச்சு, எல்லைய மூடிட்டாங்க. எம்டூ, ரிதம் கிட்டார் அஹ்மூது மதஸ்ஸானே, டிரம்ஸ் சுலைமான் இப்ராஹிம், மூணு பேரும் ஊருக்குத் திரும்ப வழியில்லாம அங்கயே மாட்டிக்கிட்டாங்க. டூர் முடிஞ்ச கையோட புரூக்ளின்ல ஒரு ஸ்டுடியோல ஒரே ரூம்ல எல்லாரும் சேந்து உக்காந்து அதே பாட்டுங்கள அக்கூஸ்டிக்ல (கரண்டு இல்லாத கிட்டார்ல) வாசிச்சதுதான் ரெண்டாவது. அப்புறம் திரும்பிப் போக வழி கெடச்சதும் பாஸ் வாசிக்கற மைக்கி கோல்டன் (அவர்தான் புரொட்யூசரும்) அஹ்மூது கைல ஒரு சின்ன ரெகார்டர குடுத்து விட்டார். அவர் ஊர்ல போய் துவாரெக் (சஹாரா பாலைவனத்து இனம்) ஆளுங்க குரல ரெகார்டு பண்ணி அனுப்ப, அதத்தான் பின்பாட்டா சேத்திருக்காங்க.

அதனால வரிசை மாத்தாம கேளுங்க. மொதல்ல கத்தறத கேளுங்க, அப்புறம் அதே ஆளு அதே விஷயத்த தொண்ட கட்டி மெதுவா சொல்றத கேளுங்க. 'ஓ ஃபிரான்ஸ்'னு ஒரு பாட்டு ரெண்டுலயும் இருக்கும், பிரான்ஸ் அந்த நாட்ட என்ன பண்ணிச்சுங்கறதுதான் விஷயம். எலெக்ட்ரிக்ல சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கும், அக்கூஸ்டிக்ல எழவு வீட்டுத் திண்ணைல உக்காந்து பேசற மாதிரி. எனக்கு ரெண்டாவதுதான் ஒரு படி மேல, அடிக்க வராதீங்க.

கச்சேரி_கடைசிவரிசை:
நான் அடிக்க வர்றேன் 😄 புதுசுன்னு நேரா 2024ல குதிக்கறது எனக்கு ஒப்பல. இந்த துவாரெக் கிட்டார் பாணிக்கு அஸ்திவாரம் போட்டது மாலி நாட்டு பேண்டு தினாரிவென். அதோட தலைவர் இப்ராஹிம் அக் அல்ஹபீப் சின்னப் பையன்ல தகர டின்னு, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி வச்சு கிட்டார் பண்ணவர். (எம்டூவும் மொத கிட்டார் சைக்கிள் கம்பிலதான் பண்ணார், அந்தப் பக்கம் சைக்கிளுக்கு பிரேக்கே மிஞ்சாது போல.) வேல தேடி அலஞ்ச பசங்க வாசிச்சதால ஊர்ல இத இஷுமார்னு சொல்வாங்க, பிரெஞ்சுல வேல இல்லாதவன்னு சொல்ற ஷொமர்ங்கற வார்த்தைல இருந்து வந்தது. 2011ல வந்த அவங்க ஆல்பம் 'தஸ்ஸிலி' கேட்டுட்டு வாங்க, கிராமி வாங்குனது.

இன்னொண்ணு, கேக்கறப்ப ஏதோ தெரிஞ்ச வாசனை அடிச்சா பயப்படாதீங்க, அவங்க நெறைய எடத்துல வாசிக்கற அஞ்சு ஸ்வரம் நம்ம சுத்த தன்யாசிதான்.

கம்பி_அறுந்தவன்:
ஸ்வரம் அதுதான், ராகம் அது இல்ல சார். கமகம் எங்க, சங்கதி எங்க. அவரு அந்த அஞ்ச வச்சுக்கிட்டு ஒரே தொடர சுத்திச் சுத்தி வர்றாரு, கைதட்டு விழற எடத்துல கொஞ்சம் தள்ளி நிக்குது, சுகமே அங்கதான்.

கச்சேரி_கடைசிவரிசை:
சரி சரி ஒத்துக்கறேன். ஆனா 'வேர்ல்டு மியூசிக்'னு சொல்லி நம்மளயும் அவங்களயும் ஒரே அலமாரில போட்டவங்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் ஏது. அந்தப் பிரிவுல மொத கிராமி 1992ல 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்கு, அதுல நம்ம விக்கு விநாயக்ராமோட கடம் இருக்கு. 2020ல 'குளோபல்'னு பேர மாத்துனாங்க, 2024ல அதே பிரிவுல சக்தி குழு வாங்குச்சு, அதுல அவர் மகன் செல்வகணேஷ். அப்பன் வேர்ல்டு புள்ள குளோபல், அடிக்கறது என்னமோ அதே அடிதான்.

உரல்_சத்தம்:
யாருமே பொண்ணுங்கள பத்தி சொல்லல பாருங்க. நைஜர்லயே இல்லிகதத்னு ஒரு கிராமம், அங்க ஃபாத்து செய்தி காலினு ஒரு பொண்ணு தானா கிட்டார் கத்துக்கிட்டு 'லே ஃபி த இல்லிகதத்'னு குழு வச்சிருக்காங்க. மேல சொன்ன அஹ்மூது இதுலயும் வாசிச்சிருக்கார். அதுல வர்ற தாளம் தெந்தே, அது என்னன்னு பாத்தா சாட்சாத் உரல்! தானியம் இடிக்கற உரல் வாய்ல ஆட்டுத்தோல இழுத்துக் கட்டி அடிக்கறாங்க. எங்க பாட்டி வீட்ல உரல கவுத்துப் போட்டு துணி காயப் போட்டு வச்சிருக்கோம், வெக்கமா இருந்துச்சு.

புதுசுல எத்ரான் த லேர் 2024ல போட்ட '100% சஹாரா கிட்டார்' விட்டுடாதீங்க. நைஜர்ல அகதெஸ்ங்கற ஊர்ல கல்யாண வீட்ல வாசிச்சு வளந்த குரூப், பாட்டு ஆரம்பிச்சா எப்ப முடியும்னே தெரியாது, பந்தி முடியற வரைக்கும் ஓட்டணும்ல. பக்கத்து நாடு மாலில சோங்காய் புளூஸ், 2025 ஜனவரில 'எரிதாஜ்' வந்துச்சு. 2012ல வடக்குல ஆயுதக் குழுக்கள் பாட்டுக்கே தட போட்டப்ப தெற்க ஓடி வந்த பசங்க சேத்த பேண்டு. முந்தியெல்லாம் ஒரே ராக்கு, இதுல அடங்கி வாசிச்சிருக்காங்க.

மொட்டைமாடி_ரேடியோ:
எல்லாருக்கும் நன்றி. கம்பி சொன்ன வரிசைலயே ரெண்டு ராத்திரி கேட்டேன். மொதல்ல தோசன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். ரெண்டாவது ஆல்பத்துல அந்த பின்பாட்டுக் குரல் வர்றப்ப, அது மட்டும் ஊர்ல இருந்து வந்த குரல்னு தெரிஞ்சே கேக்கறது ஒரு மாதிரியா இருந்துச்சு. இவரோட பழைய பாட்டுங்க இருக்கா? கேசட்டா சிடியா?

கம்பி_அறுந்தவன்:
ரெண்டும் இல்ல, மெமரி கார்டு. 2008ல நைஜீரியா சொகோட்டோ போய் 'அனார்'னு ஒண்ணு ரெகார்டு பண்ணார், ஆட்டோடியூன் (குரல கம்ப்யூட்டர்ல மாத்தற எஃபெக்ட்) போட்டு! கடைல எல்லாம் வரல, செல்லுல இருந்து செல்லுக்கு புளூடூத்துலயே சஹாரா பூரா போச்சு. நம்மூர்ல செல்போன் கடைல பத்து ரூவாய்க்கு பாட்டு ஏத்துவோமே, அதே கத. பல வருஷம் கழிச்சு சஹேல் சவுண்ட்ஸ் லேபிள் அத எல்பியா (இசைத்தட்டா) போட்டுச்சு. ஆட்டோடியூன் புடிக்காதுன்னா கூட ஒரு தடவ கேளுங்க, இயர்போன் வேணாம், செல் ஸ்பீக்கர்லயே.