21 பிகோ வினாடி கழித்து இன்னொரு துடிப்பு: எலக்ட்ரான் கொத்து பிளக்கிறதா?

ஆய்வு மாணவி:
வணக்கம். நேர்கோட்டு முடுக்கியிலிருந்து வரும் எலக்ட்ரான் கொத்து அலுமினியத் தகட்டைக் கடக்கும்போது எழும் டெராஹெர்ட்ஸ் ஒளியின் (நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்டது) அலைவடிவத்தை அளக்கிறேன். 1 மி.மீ. துத்தநாக டெல்லுரைடு படிகம், 800 நானோமீட்டர் லேசர்: டெராஹெர்ட்ஸ் அலை படிகத்தில் உண்டாக்கும் மாற்றத்தை லேசர் துடிப்பு காட்டும். லேசர் பாதையில் உள்ள ஆடியை 0.15 மி.மீ. நகர்த்தினால் லேசர் 1 பிகோ வினாடி (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) தள்ளி வரும். இப்படிப் புள்ளி புள்ளியாக எடுக்கிறேன். முதல் துடிப்பு அழகாக வருகிறது. 21 பிகோ வினாடி கழித்து அதே வடிவில், அதே குறியில், கால்வாசி உயரத்தில் இன்னொன்று! நடுவே நெளிவுகள் வேறு. மூன்று நாட்களாக எலக்ட்ரான் கதிரைத் திருத்தியும் பயனில்லை. கொத்து இரண்டாகிறதா?

கதிர்வீச்சுக் கூடம்:
முடுக்கி 2856 மெகாஹெர்ட்ஸில் ஓடினால், அலைவுக்கு ஒன்றாக வந்தாலும் அடுத்த கொத்துக்கு 350 பிகோ வினாடி ஆகும். 21 எங்கே, 350 எங்கே! கதிரைத் தொடாதீர்கள்.

பழைய முடுக்கிக்காரர்:
படிகத்தைப் பாருங்கள் அம்மா. டெராஹெர்ட்ஸ் அலைக்கு அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.2; அதாவது அலை அதனுள் அத்தனை மடங்கு மெதுவாகச் செல்லும். பின்முகத்தில் மோதித் திரும்பி, முன்முகத்தில் மோதி மறுபடி வர 2 மி.மீ. கூடுதல் பயணம், அதாவது 21.3 பிகோ வினாடி. ஒவ்வொரு மோதலிலும் அலையின் உயரத்தில் ஏறத்தாழ பாதி திரும்பும். இருமுறை என்றால் கால்வாசி. உள்ளிருந்து காற்றை நோக்கி மோதுவதால் குறியும் மாறாது. 0.5 மி.மீ. படிகத்தை வைத்துப் பாருங்கள், இந்த எதிரொலித் துடிப்பு பாதி நேரத்திலேயே வந்துவிடும்.

நெளிவு காற்றிலுள்ள நீராவியின் வேலை; அது சில அதிர்வெண்களை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். அதிர்வெண் வரைபடத்தில் 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸில் பள்ளம் இருக்கிறதா?

ஆய்வு மாணவி:
மூன்று இடத்திலும் இருக்கிறது, ஐயா! ஒளிப்பாதையைப் பெட்டியால் மூடி உலர் நைட்ரஜன் செலுத்தினேன். ஈரப்பதம் 3 விழுக்காட்டுக்கு இறங்கியதும் நெளிவு அடங்கிவிட்டது. மெல்லிய படிகத்தில் எதிரொலி 10.6 பிகோ வினாடியில் நிற்கிறது. ஆனால் முதல் துடிப்பு கணக்கிட்டதைவிட அகலமாகவே இருக்கிறது. ஏன்?

பழைய முடுக்கிக்காரர்:
ஒவ்வொரு புள்ளியும் பல நூறு கொத்துகளின் சராசரி அல்லவா? லேசருக்கும் கொத்துக்கும் இடையே நேரம் தள்ளாடினால் சராசரி அகன்றுதான் தெரியும். அதை ஒற்றைக் கொத்தில் அளந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். லேசர் துடிப்பை நீட்டி, ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு கணத்தைச் சந்திக்கும்படி செய்ய வேண்டும். நெதர்லாந்தின் ஃபெலிக்ஸ் முடுக்கியில், படிகத்தைக் கதிரின் அருகே வைத்து இப்படித்தான் 1.7 பிகோ வினாடிக் கொத்தை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். உங்களிடம் நிறங்களைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி இருக்கிறதா?