மணியின் தோளில் ஒரு கட்டி: இரண்டு மாதம் ஏமாந்த கதை

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் மணி நாட்டு நாய், எட்டு வயது. மழைக்காலத்தில் வெளியே போய் வந்தால் விரலிடுக்கில் அட்டை, காதில் உண்ணி என்று தடவிப் பார்ப்பது வழக்கம். அப்படித் தடவும்போதுதான் போன ஜூலையில் வலது தோளில் பட்டாணி அளவு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. உண்ணி கடித்த தடிப்பு என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் பெருக்கும், அடுத்த வாரம் வற்றும். வற்றும்போதெல்லாம் எனக்கு நிம்மதி. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டார். அதை நக்கி மணி நாக்கைப் புண்ணாக்கிக்கொண்டதுதான் மிச்சம். முதலில் காட்டிய டாக்டர் விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "கொழுப்புக் கட்டிதான், வயசாயிடுச்சில்ல" என்றார். நானும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்டிருந்தேன்.

இரண்டு மாதத்தில் நெல்லிக்காய் அளவாகிவிட்டது. சீழாக இருந்தால் பிதுக்கிவிடலாம் என்று ஒருநாள் அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் தோள் சிவந்து வீங்கி, வாந்தியும் எடுத்தான். ஜீப் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் வேறொரு டாக்டரிடம் காட்டினோம்.

அங்கே முதலில் அலர்ஜியை அடக்க ஒரு அவில் ஊசி. அப்புறம் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் விட்டு, வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மயக்க மருந்துகூட வேண்டியிருக்கவில்லை. மாஸ்ட் செல் கட்டி. புற்றுநோயில் ஒரு வகை. அந்த செல்களுக்குள் ஹிஸ்டமின் என்ற, அலர்ஜியைக் கிளப்பும் ரசாயனம் இருக்கிறதாம். நசுக்கினால் அது வெளியேறி வீக்கம், வாந்தி எல்லாம் வரும். பெருத்துப் பெருத்து வற்றியதும் அதனால்தான். தொட்டுப் பார்க்க கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்குமாம்!

சுற்றிலும் 2 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுத்தார். பயாப்ஸியில் வீரியம் குறைந்த வகை, ஓரங்களில் மிச்சமில்லை என்று வந்தது. தையல் பிரிக்கும்வரை என் பழைய ஸ்வெட்டர்தான் மணிக்குச் சட்டை.

இனி எந்தக் கட்டியும் 1 செ.மீ. இருந்தாலோ, ஒரு மாதம் தாண்டினாலோ இப்படி ஊசியால் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். இப்போது எது தட்டுப்பட்டாலும் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போட்டோ எடுத்துவிடுகிறேன்.

குன்னூரிலிருந்து ஒரு மறுமொழி: அண்ணா, எங்கள் பத்து மாதக் குட்டிக்குக் காதில் சிவப்புப் பொத்தான் மாதிரி வந்தது. அதே ஊசிதான் போட்டார்கள். ஹிஸ்டியோசைட்டோமா என்ற சாதுவான கட்டி, இளம் நாய்களுக்கு வருவது, காத்திருங்கள் என்றார்கள். இரண்டு மாதத்தில் தானாகவே கரைந்துவிட்டது. காத்திருந்ததுதான், ஆனால் என்னவென்று தெரிந்துகொண்டு காத்திருந்தோம்.

கூடலூரிலிருந்து இன்னொரு மறுமொழி: எங்கள் வீட்டில் வேறு கதை. கழுத்தோரம் கட்டி, ஊசியில் வந்ததோ வெறும் சீழ். மாத்திரை கொடுத்தால் வற்றும், நிறுத்தினால் மறுபடி வரும். மூன்றாவது முறை வந்தபோது ஸ்கேன் எடுத்ததில்தான் உள்ளே கோடு மாதிரி ஏதோ தெரிந்தது. திறந்து பார்த்தால் முள்ளம்பன்றி முள்! எப்போதோ காப்பித் தோட்டத்தில் மூஞ்சியில் வாங்கி வந்ததை நாங்களே பிடுங்கியிருந்தோம். ஒன்று முறிந்து உள்ளேயே நகர்ந்திருக்கிறது.