கரி கிரில்லில் சூடு நிலையாக நிற்க என்ன வழி?

வணக்கம் நண்பர்களே. 22 அங்குல மூடி போட்ட கரி கிரில்லில் பன்றித் தோள்கறி வேக வைக்கிறேன். எட்டு மணி நேரமாவது 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடு நிற்க வேண்டும். முதல் மூன்று மணி நேரம் பிரச்சினையே இல்லை. அப்புறம் 95க்கு இறங்கிவிடுகிறது. காற்று போகும் கீழ்த் துவாரத்தை அகலத் திறந்தால் 150ஐத் தாண்டுகிறது.

பிரிக்கெட்டுகளை (அழுத்திச் செய்த கரிக்கட்டிகளை) ஓரமாக இரண்டு வரிசையில் பாம்பு போல அடுக்கி, ஒரு முனையில் மட்டும் பற்ற வைக்கிறேன். போன ஞாயிறு பார்த்தபோது கீழ்த் துவாரம் பாதி சாம்பலால் அடைத்துக் கிடந்தது. அதுதான் காரணமா, இல்லை வரிசையில் இடைவெளி விழுந்து நெருப்பு தாவவில்லையா? நடுவில் கரி சேர்த்தால், கனிந்த கரியா, பற்றாத கரியா?

சனிக்கிழமை அண்ணன் குடும்பம் சாப்பிட வருகிறது. கறி நார்நாராகப் பிரிந்து வர வேண்டும் என்று ரொம்ப ஆசை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.